ஒரு படி தவிட்டுக்கு வாங்கிய புரொக்டர்

முத்துலிங்கம் ஜெயித்தவை என்னென்ன என்று யாராவது கேட்டால், அவனுடைய அக்கா அம்மாக்கண்ணு தேதி வாரியாகச் சொல்லுவாள். முதலில் உயிர். அவனுக்கு முன் பிறந்த மூன்று ஆண் பிள்ளைகளும் தொண்ணூறு நாளைத் தாண்டவில்லை, இவன் தாண்டினான். கல்லுமலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நிற்காமல் அட்டனுக்கு ரயிலேறிப் படிக்கப் போன முதல் பிள்ளை அவன்தான். கொழும்பில் சட்டப் பரீட்சையில் ஒரு தடவை தோற்று மறு தடவை தேறி, 1949 மார்ச்சில் புரொக்டர் ஆனான். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் ஒரு கிழவன் போட்டிருந்த கோவா என்கிற முட்டைக்கோசுப் பாத்தியைத் தோட்டத் துரையின் குதிரை மேய்ந்துவிட்ட வழக்கில், அந்தத் துரையையே நுவரெலியாக் கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏற்றி வைத்து, "குதிரைக்குக் கதவு திறந்துவிட்டது யார்?" என்று கேட்டு ஜெயித்தான். 1961இல் பட்டின சபைத் தேர்தலில், மூன்றாம் வட்டாரத்தில், ஒரு வாக்குறுதிகூடக் கொடுக்காமல் பத்தொன்பது வாக்கு வித்தியாசத்தில் வென்றான்.

இத்தனையும் சொல்லி முடிக்கும்போது அம்மாக்கண்ணுவின் முகத்தில் பெருமை பொங்கும். அந்தப் பட்டின சபை நாற்காலியில் அவனை உட்கார வைக்க அவள் பட்ட பாட்டைக் கேட்டால் மட்டும் முகம் மாறிவிடும். "அந்தக் கூத்த ஏன் கேக்குறீங்க" என்று ஆரம்பித்துவிடுவாள்.

அம்மாக்கண்ணு தம்பியைவிட ஒன்பது வயது மூத்தவள். நான்காம் வகுப்பு வரை படித்தவள். நானுஓயாவுக்குக் கீழே, ரயில் பாதைக்கு மேல் பக்கம் இருக்கும் அந்தத் தோட்டத்தில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளை மடுவத்தைப் பார்த்துக்கொண்டாள். எந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு வந்தது, எது பால் குடித்தது, எதற்குக் காய்ச்சல் என்று ஒரு கொப்பியில் கோடு போட்டு எழுதி வைப்பாள். ஒரு நாளும் கோடு கோணியதில்லை. அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த தம்பியின் பிறப்பை மட்டும் ஊரே சேர்ந்து குழப்பி எழுதி வைத்திருந்தது.

நடந்தது இதுதான். 1924 ஆவணியில் அம்மாக்கண்ணுவின் தாய் காளியாயிக்கு நாலாவது ஆண் பிள்ளை பிறந்தது. மூன்றைப் பறிகொடுத்த தாய் நாலாவதைத் தன்னதென்று சொல்லத் துணியவில்லை. பிறந்த மூன்றாம் நாள், பிள்ளையைப் பின்வாசல் வழியாகப் பக்கத்துக் காம்பரா அறையில் குடியிருந்த மீனம்மாவின் கையில் கொடுத்தாள். மீனம்மா அதைத் தன் சேலையில் சுற்றிக்கொண்டு, லயத்தைச் சுற்றி முன்வாசலுக்கு வந்து நின்று, "புள்ள விக்கிறேன், வாங்குறவங்க இருக்கீங்களா?" என்று கூவினாள்.

"என்ன வெல?" என்றாள் காளியாயி, உள்ளேயிருந்து.

"ஒரு படி தவிடு."

தவிட்டை அளந்து போட்டது ஒன்பது வயது அம்மாக்கண்ணு. குவித்து அளக்கவில்லை, படியின் தலையைக் கையால் தட்டிச் சமன் செய்து அளந்தாள். பிள்ளைக்குத் தவிடன் என்று பேர் விழுந்தது. அன்றிலிருந்து ஒரு கட்டுப்பாடு. காளியாயி 'நான் பெத்தேன்' என்று வாயால் சொல்லக்கூடாது. மீனம்மா 'நான் பெறவில்லை' என்று சொல்லக்கூடாது. இரண்டில் எதைச் சொன்னாலும் விற்பனை முறிந்துபோகும், பிள்ளை தங்காது.

இந்த அளவோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மலையில் எத்தனையோ வீட்டில் தவிட்டுப் பிள்ளைகள் உண்டு. காளியாயி இன்னும் ஒரு படி மேலே போய் யோசித்தாள். செத்த மூன்று பிள்ளைகளும் தோட்டத்து ஆபீசுப் புத்தகத்தில் அவள் பேரில் பதியப்பட்டவை. "எமன் என்ன லயம் லயமா ஏறி எறங்கியா பாக்குறான்? ஆபீசுப் பொஸ்தகத்தப் பாத்துத்தான வாரான்" என்று சொல்லி, மீனம்மாவின் புருசன் மாயாண்டியைக் கிளாக்கரிடம் அனுப்பினாள். கிளாக்கர் எழுதிக்கொண்டார்: பிள்ளை தவிடன், தகப்பன் மாயாண்டி, தாய் மீனம்மா.

ஆறு வயதில் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனது பெற்ற தகப்பன் செல்லசாமி. யாழ்ப்பாணத்து வாத்தியார் நடராசா, "தவிடனோ? இதென்ன பேர்? நாளைக்கு மற்றப் பிள்ளையள் சிரிக்கப் போகுதுகள்" என்று சொல்லி முத்துலிங்கம் என்று எழுதினார். தகப்பன் பேர் செல்லசாமி என்று சரியாகவே எழுதினார். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தை யாரும் கேட்கவில்லை. கொழும்பில் சட்டம் படிக்கப் போனபோதும் வயதுக்குப் பள்ளிக்கூடக் கடிதமே போதுமாக இருந்தது. ஆக, ஒருத்தரும் பொய் சொல்ல நினைக்காமலே, ஒரே ஆள் இரண்டு ஆளாக வளர்ந்தான்.

முத்துலிங்கம் வளர்ந்த விதம் அக்காளுக்குப் பெருமையாகவும் எரிச்சலாகவும் இருந்தது. தோட்டத்திலிருந்து ஒருத்தன் கறுப்புக் கோட்டுப் போட்டால் அவன் தொழிற்சங்கத்துக்காரனாக மேடையேறிக் கை ஓங்குவான் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். இவனுக்குக் கூச்சல் பிடிக்காது. வேலைநிறுத்தம் என்றால் முகம் சுளிப்பான். டை கட்டாமல் கடைத்தெருவுக்கு வரமாட்டான். எட்டு மணிக் கூட்டத்துக்கு எட்டு மணிக்கே போய்த் தன்னந்தனியாக உட்கார்ந்திருப்பான். "சட்டத்த மாத்தணும்னு கத்துறதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க அக்கா. இருக்கிற சட்டத்த முழுசாப் படிச்சவன் எவன் இருக்கான்?" என்பான்.

"படிச்சவன் நீ இருக்கியே, போதாதா" என்பாள் அவள்.

பிறகு பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. நாட்டிலேயே பிறந்து வளர்ந்த தோட்டத்து ஜனங்கள் எல்லாரும் ஒரே நாளில் வோட்டில்லாத ஆட்கள் ஆனார்கள். வேண்டுமானால் விண்ணப்பம் போட்டு, விடாமல் இங்கேயே குடியிருந்ததை நிரூபித்து வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். தோட்டத்து ஆட்கள் அந்தச் சட்டத்தை ஏசிக்கொண்டிருக்க, முத்துலிங்கம் விண்ணப்பத் தாளை முதல் ஆளாக வாங்கி வந்து, பத்துப் பேனா முள் மாற்றி எழுதினான். மற்றவர்களுக்கும் இலவசமாக எழுதிக் கொடுத்தான். நூற்று நாற்பது விண்ணப்பம். அதில் பாதிக்கு மேல் சரிவந்தது. சரிவராமல் தொங்கியவற்றில் அவனுடையதும் ஒன்று.

1954இல் ஒரு நீளமான கடிதம் வந்தது. சாரம் இதுதான்: தவிடன் என்ற பிள்ளை மாயாண்டியின் மகன். மாயாண்டி 1938இல் ஒரு மகனோடு கப்பலேறி இந்தியாவுக்குப் போனதாகப் பயணப் பதிவு இருக்கிறது. ஆகவே தவிடன் போய்விட்டான். முத்துலிங்கம் என்கிற ஆள் இந்த நாட்டில் பிறந்ததற்கு அத்தாட்சி இல்லை. ஏன் நிராகரிக்கக்கூடாது என்பதற்குக் காரணம் காட்டவும்.

மாயாண்டியோடு போனது அவனுடைய சொந்த மகன் சின்னராசா. மீனம்மா புருசனோடு சண்டை போட்டுக்கொண்டு இங்கேயே நின்றுவிட்டாள்.

"இதுல என்ன இருக்கு? தவிட்டுக்கு வாங்குன புள்ளன்னு எழுதிப் போடு. முடிஞ்சுபோச்சு" என்றாள் அம்மாக்கண்ணு.

முத்துலிங்கம் அவளை முறைத்தான். "அக்கா, நான் புரொக்டர். நாளைக்குக் கோர்ட்டில எந்திரிச்சு நின்னா எதிர்ப்பக்கத்து வக்கீல் 'தவிடு வந்திருக்கு'ன்னு சிரிக்கணுமா? சட்டத்தில வழியிருக்கு. நான் பாத்துக்கிறேன்."

அவன் பார்த்துக்கொண்ட லட்சணம்: ஆறு வருசம். அந்தப் பிரிவு, இந்த உபபிரிவு, சத்தியக் கடதாசி, மேல் சத்தியக் கடதாசி. அத்தனையிலும் 'குடும்ப வழக்கம் ஒன்றின் காரணமாக' என்று ஒரு வரி மட்டும். என்ன வழக்கம் என்று எழுத மாட்டான். முதல் விசாரணை ஒத்திவைக்கப்பட்டது. இரண்டாவதும் ஒத்திவைக்கப்பட்டது. ஊரார் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டால், "பத்திரம் வரட்டும், ஒரு நாட்டுக்காரனா நின்னு தாலி கட்டுறேன்" என்பான். முப்பது முடிந்து முப்பத்தைந்தும் ஆயிற்று. பெண் கொடுக்க வந்தவர்களின் மகள்மாருக்கே பிள்ளை பிறந்துவிட்டது. அம்மாக்கண்ணு அந்தப் பிள்ளைகளை மடுவத்துக் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

இந்த அழகில் அரசியல் வேறு. அதுவும் எந்தக் கட்சியில்? கடை முதலாளிகளும் நிலபுலன்காரர்களும் இருக்கிற கட்சி. லயத்தில் 'துரைமார் கட்சி' என்று பேர். வோட்டைப் பறித்த சட்டத்துக்குக் கை தூக்கிய கட்சி. அது தேர்தலில் தோற்று மண்ணைக் கவ்விய வருசம் பார்த்து, ஆட்களெல்லாம் விலகி ஓடும்போது, இவன் போய்ச் சேர்ந்தான். ஒழுங்காகக் கூட்டம் நடத்துகிற ஒரே கட்சி அதுதானாம். கூட்டக் குறிப்பு எழுதுகிறார்களாம்.

மறுநாள் காலையில் ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் பூரணி அம்மாக்கண்ணுவைப் பிடித்துக்கொண்டாள். லயத்தில் பூரணியின் வாய்க்கு வேலை மேற்பார்க்கும் கண்டாக்கையாவே பயப்படுவார்.

"என்னக்கா, தம்பி துரை பங்களாவுக்குக் குடிபோறாராமே? எங்களுக்கெல்லாம் இனிமே குனிஞ்சு சலாம் போடணுமா?"

"ஒனக்கு விண்ணப்பம் எழுதிக் குடுத்தது யாருடி?"

"அவருதான். இல்லங்கல. எனக்குப் பத்திரம் வந்துருச்சு, வோட்டு இருக்கு. அவருக்கு இருக்கா? வோட்டே இல்லாத ஆளுக்குக் கட்சி எதுக்கு?"

அம்மாக்கண்ணு மடுவத்துக்கு நடந்தாள். அன்று மாலை தம்பியிடம் அதே கேள்வியைக் கேட்டாள். "நல்ல கேள்வி" என்று சொல்லிவிட்டு அவன் டையை அவிழ்த்து மடித்து வைத்தான். அவ்வளவுதான்.

1960இல் காரியம் இறுகியது. அடுத்த பட்டின சபைத் தேர்தலில் மூன்றாம் வட்டாரத்துக்குக் கட்சி அவனைக் கேட்டது. நிற்பதென்றால் அடுத்த வாக்காளர் இடாப்பில் பேர் ஏறியிருக்கவேண்டும். அதற்குப் பிரஜாவுரிமை வேண்டும். அதே மாதம் நுவரெலியாவிலிருந்து அறிவித்தல் வந்தது: ஜூன் பதினான்காம் தேதி மூன்றாவது விசாரணை. இனி ஒத்திவைப்பு இல்லை. அன்று காரணம் காட்டாவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். பிறப்புப் பதிவில் தாய் என்று இருக்கும் மீனம்மாவும் நேரில் வரவேண்டும்.

தேர்தல் போகட்டும். நிராகரித்தால் அவன் எந்த நாட்டுக்காரன்? இந்தியாவில் பார்த்தறியாத புதுக்கோட்டைக்கு அவனை ரயிலேற்றிவிட்டால் என்ன செய்வது? அம்மாக்கண்ணு விரல் விட்டு எண்ணினாள். பெற்றோர் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நடந்ததை நேரில் கண்டவர்களில் மிச்சம் அவளும் மீனம்மாவும்தான். தம்பியை இழுத்துக்கொண்டு மீனம்மாவின் காம்பராவுக்குப் போனாள்.

மீனம்மாவுக்கு எழுபது தாண்டியிருந்தது. வெற்றிலையை இடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

"ஆத்தா, ஒரே ஒரு வார்த்த. 'நான் இவனப் பெக்கல'ன்னு சொன்னாப் போதும்" என்றான் முத்துலிங்கம்.

இடிப்பு நின்றது. "என்ன சொல்லச் சொல்ற?"

"உண்மையத்தான்."

"ஒனக்கு இப்ப என்ன வயசு?"

"முப்பத்தஞ்சு முடியப்போகுது."

"முப்பத்தஞ்சு வருசமா நான் வாயக் கட்டி வச்சதாலதான்டா நீ கோட்டுப் போட்டுக்கிட்டு நிக்கிற. அந்த வார்த்தய நான் சொல்லி, நீ ரோட்டுல போகையில லாரி அடிச்சுப் போட்டா? போடா."

"அதெல்லாம் மூடநம்பிக்கை ஆத்தா."

"அப்ப ஒங்க ஆத்தா மூணு புள்ளைய மண்ணுல பொதச்சதும் மூடநம்பிக்கையா?"

அவன் சட்டப்படி சாட்சி உண்மை சொல்லக் கடமைப்பட்டவள் என்று விளக்க ஆரம்பித்தான். மீனம்மா உலக்கையை மறுபடி எடுத்துக்கொண்டாள். அம்மாக்கண்ணு அவனைத் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு வந்தாள்.

"இப்பவாவது நீயே சொல்லிரு தம்பி, தவிட்டுக் கதைய."

"முடியாது."

"ஏன்டா?"

"நான் சட்டத்தில ஜெயிக்கணும். தவிட்டில இல்ல."

அந்த இடத்திலேயே அவனுக்கு ஒரு அறை விட்டிருக்கவேண்டும் என்று அம்மாக்கண்ணு இன்றைக்கும் சொல்லுவாள். புரொக்டராயிற்றே என்று விட்டுவிட்டாள்.

ஜூன் பதினான்கு செவ்வாய்க்கிழமை. நானுஓயாவிலிருந்து பஸ்ஸில் ஏறி மூவரும் நுவரெலியா போனார்கள். மழை. விசாரணை நடக்கும் கந்தோரின் வெளி வாங்குப் பலகையில் பல தோட்டத்து ஆட்கள் நனைந்த சாக்கைப் போர்த்திக்கொண்டு தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். உள்ளே சிங்கள அதிகாரி ஒருவர், மரியாதையான மனிதர். பக்கத்தில் மொழிபெயர்க்க யாழ்ப்பாணத்து ஜெயரத்தினம். கதவு திறந்தே இருந்ததால் வாங்கில் இருந்தவர்களுக்கும் எல்லாம் கேட்டது.

முத்துலிங்கம் வேறு வழக்கறிஞர் வைக்கவில்லை. தன் வழக்கைத் தானே நடத்தினான். மீனம்மாவை நிறுத்திக் கேட்டான்:

"உங்கள் பெயர் என்ன?"

"எம் பேரு ஒனக்குத் தெரியாதா?"

வாங்கில் ஒருத்தன் சிரித்தான்.

"பதில் சொல்லுங்கள், ஆத்தா."

"மீனம்மா. இப்பத் தெரிஞ்சுக்கிட்டியா?"

"நீங்கள் என்னைப் பெற்ற தாயா?"

"ஆமா."

"யோசித்துச் சொல்லுங்கள்."

"யோசிக்க என்னடா இருக்கு? பெத்தேன். பத்து மாசம்." சத்தமாகச் சொன்னாள், கூரைக்கு மேலே யாரோ கேட்டுக்கொண்டிருப்பதுபோல.

ஜெயரத்தினம் மொழிபெயர்த்தார். அதிகாரி எழுதிக்கொண்டார். முத்துலிங்கம் சாட்சி தனக்கு விரோதமாகிவிட்டதாகவும், இன்ன பிரிவின் கீழ் இந்தச் சாட்சியத்தை ஒதுக்க வேண்டும் என்றும் ஆங்கிலத்தில் கால் மணி நேரம் பேசினான். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பிறகு, தாயே ஒப்புக்கொண்டபடியால் பிறப்புப் பதிவு சரி என்றும், மாயாண்டியின் மகன் நாட்டைவிட்டுப் போனது பதிவில் இருக்கிறது என்றும் சொல்லி, பேனாவை மூடப்போனார்.

அம்மாக்கண்ணு எழுந்துவிட்டாள். ஆங்கிலம் அவளுக்குத் தெரியாது. பேனா மூடுவது தெரிந்தது.

"ஐயா, நான் இவங்ககிட்ட ஒன்னு கேக்கணும்."

"அக்கா, ஒக்காருங்க" என்றான் தம்பி. "நீங்க சாட்சி. சாட்சி சாட்சியக் குறுக்கு விசாரணை பண்ண முடியாது."

அதிகாரி, என்ன என்று ஜெயரத்தினத்தைக் கேட்டார். தெரிந்துகொண்டு, இது கோர்ட் இல்லையே, கேட்கட்டும் என்றார்.

"எனக்கு ஆட்சேபனை உண்டு" என்றான் முத்துலிங்கம். தன் வழக்குக்குத் தானே! ஜெயரத்தினம் தலையைக் குனிந்துகொண்டு மீசைக்குள் சிரித்தார். "தம்பி, கொஞ்சம் பொறும். உமக்காகத்தானே அக்கா கேக்கிறா."

அம்மாக்கண்ணு தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். அவன் உட்கார்ந்தான். அவள் மீனம்மா பக்கம் திரும்பினாள். அந்த வார்த்தையை மீனம்மா சொல்லமாட்டாள், சொல்லவும் கூடாது. ஆனால் சொல்லலாமென்று இருக்கிற வார்த்தை ஒன்று உண்டே. அதை ஊரறியக் கூவித்தானே விற்றாள்?

"அத்தே, இவன் ஒங்க புள்ளதான். நான் இல்லேன்னு சொல்லல. ஒங்க புள்ள எங்க வீட்டுல எப்பிடி வளந்தான்?"

"வித்துட்டேன்ல."

"யாருக்கு?"

"ஒங்க ஆத்தா காளியாயிக்கு. வேற யாருக்கு?"

"என்ன வெலைக்கு?"

"ஒரு படி தவிட்டுக்கு! ஏன்டி, அளந்தவளே நீதான? ஒரு குத்து கூடுதலா விழுந்துருமோன்னு தலை தட்டி அளந்தியே, அப்பவே நீ கஞ்சப் பிசினாறி." மீனம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. விற்பனையைச் சொல்லச் சொல்ல அது இன்னும் உறுதியாகுமே தவிர முறியாது. எந்தச் சேலையில் சுற்றினாள், முன்வாசலில் எப்படிக் கூவினாள் என்று கையை வீசிச் சொன்னாள்.

"விக்கிறதுக்கு முன்னாடி புள்ள எந்த வாசல் வழியா ஒங்க கைக்கு வந்துச்சு?"

"பின்வாசல்."

"யாரு வீட்டுப் பின்வாசல்?"

"அத நான் சொல்லமாட்டேன்" என்று வாயை இறுக்கிக்கொண்டாள் மீனம்மா.

வெளி வாங்கில் இருந்த அத்தனை பேருக்கும் விளங்கிவிட்டது. ஒரு கிழவி, "தவிட்டுப் புள்ளயா! எங்க ஊட்டுலயும் ஒன்னு இருக்கு" என்று உரக்கச் சொன்னாள். ஜெயரத்தினம் அதிகாரியின் பக்கம் சாய்ந்து வெகுநேரம் ஆங்கிலத்தில் விளக்கினார். முத்துலிங்கத்தின் காதில் ஏறிய சிவப்பு கழுத்துவரை இறங்கியது.

அதிகாரி நிமிர்ந்து ஒரு கேள்வி கேட்டார். ஜெயரத்தினம் சொன்னார்: "அப்ப, மாயாண்டியோடை போன பிள்ளை ஆர் எண்டு ஐயா கேக்கிறார், அம்மா."

மீனம்மாவின் கை கீழே இறங்கியது. "அது சின்னராசா. அது நான் விக்காத புள்ள" என்றாள்.

அம்மாக்கண்ணு பையைத் திறந்தாள். மீனம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சின்னராசா புதுக்கோட்டையிலிருந்து எழுதிய கடிதங்களை இருபது வருசமாக வாசித்துக் காட்டியவள் அவள். வாசித்ததும் வந்த தேதியை ஓரத்தில் எழுதி, வரிசைப்படி அடுக்கி, நூல் கட்டி வைத்திருந்தாள். பதினொரு கடிதம். முதல் கடிதம் 1939 தை மாதம்: அப்பாவும் நானும் சுகமாக வந்து சேர்ந்தோம், உங்கள் மகன் சின்னராசா. அதோடு, காளியாயியின் மூன்று பிள்ளைகள் இறந்த பதிவுக்குப் பிரதி. இரண்டு மாதத்துக்கு முன்பே தோட்டத்து ஆபீசில் கேட்டு வாங்கியிருந்தாள்.

"இத ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்றான் முத்துலிங்கம் தாழ்ந்த குரலில்.

"ஆறு வருசமாச் சொன்னேன். காதுல சட்டத்த அடச்சு வச்சிருந்த."

அதிகாரி கடிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, தபால் முத்திரைகளைக் குறித்துக்கொண்டார். விண்ணப்பத்தை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். வெளியே வந்தபோது வாங்கில் இருந்த ஒருத்தன் எழுந்து, "தவிட்டுப் புரொக்டரையா, எனக்கும் ஒரு கடதாசி எழுதித் தாங்க" என்றான். கேலியா மரியாதையா என்று தெரியவில்லை. முத்துலிங்கம் மழையில் நின்று அவனுக்கு எழுதிக் கொடுத்தான். பஸ்ஸில் நானுஓயா வரை அக்காளோடு பேசவில்லை. மீனம்மாவுக்கு மட்டும் ஜன்னல் பக்கத்து இடம் பிடித்துக் கொடுத்தான்.

பேர் ஒட்டிக்கொண்டுவிட்டது. கடைத்தெருவில் தவிட்டுப் புரொக்டர், கோர்ட்டு வாசலில் தவிட்டுப் புரொக்டர். பூரணி பெரட்டுக் களத்தில், "துரைமார் கட்சிக்குத் தவிடா? குதிரைக்கு நல்லது" என்றாள். ஆனால் அவளே பிறகு, "நம்ம லயத்துப் புள்ளைங்க மாதிரி மூணு சாவுக்கு அப்புறம் பொறந்தவன்தான்டி, பாவம்" என்றும் சொன்னாள். கட்சியில் ஒரு முதலாளி முகம் சுளித்தாராம். இன்னொருவர் தன் அண்ணனும் தவிட்டுப் பிள்ளைதான் என்றாராம்.

அம்மாக்கண்ணு எல்லாம் தீர்ந்தது என்று மூச்சுவிட்டாள். எங்கே? செப்டெம்பரில் சத்தியப்பிரமாணம் செய்யக் கூப்பிட்டார்கள். பத்திரத்தில் பேர் 'தவிடன் என்கிற செல்லசாமி முத்துலிங்கம்' என்று இருந்தது. அதிகாரி பேனாவை நீட்ட, முத்துலிங்கம் வாங்காமல் நின்றான்.

"முதல் பெயரை நீக்கவேண்டும் என்று ஒரு மனுச் செய்ய எனக்கு உரிமை இருக்கிறது" என்றான்.

செய்யலாம் என்றார் அதிகாரி. தீர்ப்பு வர இரண்டு வருசம் ஆகும் என்றும் சொன்னார்.

"இரண்டு வருசம் பரவாயில்லை—"

"டேய்" என்றாள் அம்மாக்கண்ணு, பின்னால் இருந்து. புரொக்டர் என்றும் பார்க்கவில்லை, அதிகாரி இருக்கிறார் என்றும் பார்க்கவில்லை. "ஆத்தா செத்துப்போகுமுந்தி கடைசியாக் கூப்பிட்ட பேரு அதுதான்டா. உசிரு தங்குறதுக்கு அந்தப் பேரு வேணும், கடதாசிக்கு வேணாமா? மீனம்மா அத்தைக்கு இன்னும் எத்தன நாளு இருக்கும்னு நெனைக்கிற? போடு கையெழுத்த."

ஜெயரத்தினம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். முத்துலிங்கம் டையைச் சரிசெய்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினான். பேனாவை வாங்கி, பத்திரம் முழுவதையும் மேலிருந்து கீழ்வரை இன்னொரு தடவை வாசித்தான்; அம்மாக்கண்ணு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து, பதினொரு வருசமாக ஆயிரக்கணக்கான பத்திரங்களில் எழுதாமல் விட்ட பேரை முன்னால் வைத்து, எழுத்துப் பிசகாமல், முழுப் பேரையும் முதல் தடவையாகக் கையெழுத்திட்டான். 1960 செப்டெம்பர் 22, வியாழக்கிழமை.